முதுகில் வந்த வினாத்தாள்

அம்மை வார்த்த வீட்டில் தாளிக்கக் கூடாது, எண்ணெய்ச் சட்டி அடுப்பேறக் கூடாது, தலை சீவக் கூடாது, வாசலில் வேப்பங்கொத்து தொங்குகிற வரைக்கும் வெளியாள் உள்ளே கால் வைக்கக் கூடாது, உள்ளே இருப்பவர் அடுத்த வீட்டுக்குப் போய் ஒரு செம்புத் தண்ணீர்கூடக் கேட்கக் கூடாது என்பதெல்லாம் வெள்ளியம்பாளையத்தில் நடை பழகுகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். தெரிந்திருந்தும் அந்தப் பங்குனியில் ஊரே திரண்டு, காலில் கிடந்த செருப்பைக்கூடக் கழற்றாமல், அம்மை வார்த்த ஒரு பையனின் வீட்டுக்குள் புகுந்து அவன் முதுகைப் படித்தது.

பையன் பெயர் நவநீதன். பத்தாம் வகுப்பு. அவன் அப்பா அர்த்தநாரி லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு அஸ்ஸாம் பக்கம் போயிருந்தார். போனால் வருவதற்கு மாதக்கணக்கில் ஆகும். அம்மா சுலோச்சனா விசைத்தறிப் பட்டறையில் தறி ஓட்டினாள். ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு ரயில் பெட்டி மாதிரி நீளமாகக் கிடக்கும் லைன் வீடுகளில் கோடி வீடு அவர்களுடையது; கோடி வீட்டுக்காரர்களிடம் மற்ற வீட்டுக்காரர்கள் தண்ணீர்க் குழாயில் முறை வைத்துக்கொள்வதற்கு மட்டும்தான் பேசுவார்கள். பொதுத்தேர்வு ஆரம்பிக்க இருந்த வாரத்தில் ஹால் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த நவநீதன் அதை மேசைமேல் வைத்துவிட்டுப் படுத்தான், எழுந்திருக்கும்போது நெற்றியில் ஒரு கொப்புளம் இருந்தது, கழுத்தில் இரண்டு இருந்தன, விடிவதற்குள் எண்ண முடியாதபடி உடம்பெல்லாம் பூத்துவிட்டது.

சுலோச்சனா வேப்பிலை பறித்து வந்து அவனுக்குப் படுக்கை போட்டாள், நிலையில் கொத்துச் செருகினாள், பட்டறைக்கு லீவு சொன்னாள். விஷயம் தெரிந்து பள்ளித் தாளாளர் நல்லமுத்து மொபெட்டில் வந்தார். வந்தவர் லைன் வீட்டுச் சந்து முனையிலேயே வண்டியை நிறுத்தி, கைக்குட்டையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு, அங்கிருந்தே சத்தம் போட்டுப் பேசினார்.

"அம்மிணி, பையனை அனுப்பிப் போடாதீங்க. அத்தனை புள்ளைங்க எழுதற இடம், ஒருத்தனுக்கு இருந்தா எல்லாத்துக்கும் தொத்திக்கும். ஜூன்ல துணைத்தேர்வு வருதில்ல, அதுல எழுதிக்கட்டும்."

"வருசம் பூரா படிச்சானுங்க சார். எங்கியாச்சும் ஓரமாத் தனியா உக்கார வெச்சு எழுத உடுங்க."

"அப்பிடியெல்லாம் ரூல் இல்லீங்க அம்மிணி."

நடுத்தரமாகப் படிக்கிறவன் காய்ச்சலோடு வந்து எழுதி ஒரு பாடத்தில் தவறினாலும் பள்ளியின் நூற்றுக்கு நூறு போய்விடும், வராமலே இருந்துவிட்டால் கணக்கில் வரமாட்டான் என்று அவர் மனசுக்குள் போட்ட கணக்கு கைக்குட்டைக்கு வெளியே தெரியவில்லை. படுக்கையில் கிடந்து எல்லாவற்றையும் கேட்ட நவநீதன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

தமிழ்த் தேர்வுக்கு முந்தின நாள் காலையில், வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து மகனின் முதுகில் பூசப்போன சுலோச்சனா, விழுதைத் தொட்ட விரலை அப்படியே நிறுத்திக்கொண்டாள். மற்ற இடங்களில் கொப்புளங்கள் இறைத்த கடுகு மாதிரி கண்டபடி கிடந்தன. முதுகில் மட்டும் வரிசையாக, ஒரு வரிக்குக் கீழே இன்னொரு வரியாக, வரிக்கும் வரிக்கும் இடம் விட்டு, தோளில் ஆரம்பித்து இடுப்புவரை இறங்கியிருந்தன. கம்பி இழுக்காமல் விட்ட கோலப் புள்ளிகளைப் பார்க்கிறவர்களுக்கு எப்படிக் கோலம் தெரியுமோ அப்படி அவளுக்கு எழுத்துத் தெரிந்தது. ஐந்தாவதோடு பள்ளியை விட்டவள், உதட்டை அசைத்து எழுத்துக் கூட்டினாள்.

"சாமி, உன்ற முதுகுல என்னமோ எழுதியிருக்குது."

"என்னன்னு?"

"பின்... வரும்... தலைப்புகளுள்... ஒன்றனுக்கு... கட்டுரை... வரைக."

நவநீதன் தலையணையில் முகத்தை வைத்தபடியே சொன்னான். "அது நெடுவினாம்மா. எட்டு மார்க்கு."

மதியச் சோற்றுக்கு முன்னால் அவள் முழு முதுகையும் படித்து முடித்தாள். இரண்டு இடத்தில் அவள் திக்கியபோது அவனே எடுத்துக் கொடுத்தான். அவனுக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. தேர்வுக்குப் போக முடியாதவனைத் தேடித் தேர்வே வந்துவிட்டதே என்று நினைத்தான், ஒவ்வொரு கேள்விக்கும் மனசுக்குள் பதில் சொல்லிப் பார்த்தான், பாதிக்கு மேல் தெரிந்தது. சுலோச்சனா குழாயடியில் பக்கத்து வீட்டுச் சரசுவிடம் மெல்ல விஷயத்தைச் சொன்னாள். சரசுவின் மகள் சிந்துஜா நவநீதனோடு ஒரே வகுப்பில் படிக்கிறவள். சரசு குடத்தைப் போட்டுவிட்டு மகளை இழுத்துக்கொண்டு வந்தாள், மகள் வாசலில் நின்றே எட்டிப் பார்த்து எழுதிக்கொண்டு போனாள். மறுநாள் வினாத்தாளைப் பிரித்தபோது கட்டுரைத் தலைப்பிலிருந்து கடைசிக் காற்புள்ளிவரை முதுகில் இருந்தபடியே அதில் இருந்தது.

ஊர் இதைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. மாரியம்மன் கோயில் பூசாரி, ஆத்தா வருசா வருசம் ஊரில் ஏதாவது ஒரு பையன் உடம்பில் விளையாடுகிறவள்தான், இந்த வருசம் படிப்பில் விளையாடுகிறாள், இதில் என்ன என்று சொன்னார். தாலுகா கோர்ட்டில் எழுத்தராக இருந்த ஒருவர், பிரஸ்ஸிலிருந்து வெளியே வந்தால்தான் அது கசிவு, தோலிலிருந்து வந்தால் சட்டத்தில் அதற்குப் பெயரே இல்லை என்று டீக்கடையில் தீர்ப்புச் சொன்னார். போலீஸ்காரர் ஒருவர், அவர் மகனும் பத்தாவதுதான், அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வடையை எடுத்துக்கொண்டார். நேர்மையாகப் படிக்கிற பிள்ளை என்று பேர் வாங்கினவர்களின் பெற்றோர்கள், நாம் பார்க்காவிட்டாலும் மற்றவர்கள் பார்க்கத்தான் போகிறார்கள், நம் பிள்ளைக்கு மட்டும் ஏன் அநியாயம் நடக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஆங்கிலத் தேர்வுக்கு முந்தின நாள் காலையில் பழைய கொப்புளங்கள் காய்ந்து பொருக்காகி, அவற்றுக்கு நடுவே புதிதாக நீர் கோத்து ஆங்கில எழுத்துக்கள் முளைத்தபோது, சந்து முனையில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற ஊர் முழுக்கக் கோடி வீட்டு வாசலில் நின்றது.

நவநீதன் குப்புறப் படுத்திருந்தான். குப்புறப் படுத்தவனுக்கு மனுஷர்கள் முழங்காலுக்குக் கீழேதான் தெரிவார்கள். வெடித்த குதிகால், நகச்சுத்தி வந்த பெருவிரல், சாணி மிதித்த செருப்பு, மெட்டி, சாக்ஸ் என்று அவன் ஊரைக் கால் காலாகப் பார்த்தான். அவர்கள் குனிந்தபோது மூச்சு அவன் பிடரியில் விழுந்தது. வெற்றிலை மூச்சு, பீடி மூச்சு, பல் தேய்க்காமல் ஓடி வந்த காலை மூச்சு. மஞ்சள் விழுது எழுத்தை மறைக்கிறது என்று யாரோ ஒருவர் விரலை நாக்கில் தொட்டு எச்சிலால் துடைத்தார். இன்னொருவர் செல்போன் விளக்கைக் கொப்புளத்துக்கு ஒட்டி வைத்துப் பிடித்தார், அந்தச் சூட்டில் தோல் இழுத்தது. "கொஞ்சம் எக்கிக்க தம்பி, இடுப்புல ஒரு வரி மடிஞ்சு கெடக்குது" என்று ஒரு பெண் குரல் கேட்டது. கட்டியிருந்த துண்டை இன்னும் கீழே இறக்கச் சொன்னார்கள். அவன் துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மாட்டேன் என்றபோது, "ஆம்பளப் பயந்தானே, உனக்கு என்னடா கூச்சம்" என்று சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு பேனாக்கள் வந்தன. ராசிக்கென்று யாரோ ஒரு தாய் தன் மகனின் பேனா முனையை ஒரு கொப்புளத்தில் தொட்டு எடுத்தாள். அதைப் பார்த்து அடுத்தவள் தொட்டாள். பிறகு ஜியாமெட்ரி பாக்ஸோடு வந்து காம்பஸின் முள்ளால் தொட்டார்கள். வடிந்த நீரைத் துடைக்க யாரும் துணி எடுத்து வரவில்லை. விரிப்பில் உதிர்ந்து கிடந்த தமிழ்த் தேர்வுப் பொருக்குகளை ஒரு அப்பா தீப்பெட்டியில் பொறுக்கிப் போட்டு, மகனின் சட்டைப் பையில் வைத்து, மேலே தட்டிக் கொடுத்தார். நவநீதனுக்கு முதல் நாள் இருந்த சந்தோஷம் வயிற்றில் கெட்டுப்போன பாலாக மாறி மேலே வந்தது. அவன் தலையைப் பாயின் ஓரத்துக்குத் தள்ளி வாந்தி எடுத்தான். நின்றிருந்த கால்கள் ஒரு அடி விலகி, வாந்தியைச் சுற்றிக்கொண்டு, மறுபடியும் நெருங்கின.

கணக்குத் தேர்வுக்கு முந்தின நாள் தாளாளரே வந்தார். இப்போது கைக்குட்டை இல்லை. கூடவே கணக்கு டீச்சர் வசந்தாமணியைக் கூட்டி வந்திருந்தார். அவன் தோள்பட்டையில் ஒரு முக்கோணமும் அதற்குள் ஒரு இணைகோடும் கொப்புளங்களாகக் கிடந்தன, அது எந்தத் தேற்றம் என்று ஊராருக்குப் பிடிபடவில்லை. டீச்சர் குனிந்து பார்த்துவிட்டுப் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பாவமுங்க சார், இவன் எழுதியிருப்பான். ரெண்டு வருசத்துக்கு மின்னால அம்மை வந்த புள்ளைய லேப் ரூம்ல தனியா உக்கார வெச்சமல்ல..."

"டீச்சர், நீங்க கணக்கைப் பாருங்க" என்றார் நல்லமுத்து.

நவநீதன் சடாரென்று புரண்டு எழப்பார்த்தான். "சார், அப்ப எனக்கும் ரூம் குடுப்பீங்களா?"

"திரும்பாதே! திரும்பாதே! ஒடஞ்சிரும்!" என்று ஏழெட்டுக் கைகள் அவன் தோளையும் காலையும் அமுக்கின. அதில் ஒன்று சிந்துஜாவின் கை. அவன் கேட்டது அமுக்கினவர்கள் காதில் விழுந்தது, டீச்சர் காதில் விழுந்தது, வாசலில் மஞ்சள் விழுது வைத்த தேங்காய்த் தொட்டியோடு நின்ற அவன் அம்மா காதிலும் விழுந்தது. தாளாளர் முக்கோணத்தைப் படம் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

அறிவியல் தேர்வு நெருங்கியபோது ஊருக்குப் புதுக் கவலை வந்தது. பையனுக்கு உடம்பு தேறிக்கொண்டிருந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது, பழைய கொப்புளங்கள் வற்றின, புதிதாக வருவது குறைந்தது. இரண்டு தண்ணீர் தலைக்கு ஊற்றியாகிவிட்டது, மூன்றாவது தண்ணீரும் ஊற்றிவிட்டால் அம்மை இறங்கிவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் அந்த மூன்றாவது தண்ணீரை ஊற்றக் கூடாது என்று ஊர் முடிவு செய்தது. பூசாரியும் சரி என்றார்: ஆத்தா இன்னும் இருக்கேன்னு சொல்றப்ப வெரட்டக் கூடாது. கோழிக் குழம்பு ஒரு வீட்டிலிருந்து வந்தது, கருவாடு ஒரு வீட்டிலிருந்து வந்தது, பருவம் பிறக்காத மாம்பழத்தை எங்கிருந்தோ வாங்கி வந்து அறுத்துக் கொடுத்தார்கள், உடம்பில் சூடு ஏற ஏற எழுத்து நன்றாக எடுப்பாக வரும் என்றார்கள். அம்மை வீட்டுக்குள் பொரித்த எண்ணெயின் வாடை எடுத்துக் கிடந்தது.

நவநீதன் அம்மாவைப் பார்த்தான். அவள் அந்த நாட்களில் மாறிப்போயிருந்தாள். குழாயில் கடைசியாகப் பிடித்துக்கொண்டிருந்தவளுக்கு இப்போது முதல் குடம் விட்டார்கள். "வாங்க சுலோச்சனாக்கா" என்று நாற்காலி எடுத்துப் போட்டார்கள். பதினொன்றும் பன்னிரண்டும் காசில்லாமல் படிக்கவைக்கிறேன் என்று தாளாளர் வாக்குக் கொடுத்திருந்தார். அவள் கோழிக் குழம்பைச் சோற்றில் பிசைந்து உருட்டி அவன் வாய்க்குக் கொண்டுபோனாள்.

"வேண்டாம்மா. எனக்குத் தண்ணி ஊத்து."

"ரெண்டே பேப்பருதான சாமி. பொறுத்துக்க. அப்பறம் நீ கேட்டபடி ஊத்தறேன்."

"என்ற பரீச்சைம்மா அது."

"ஜூன்ல எழுதிக்கலாமுன்னு சார் சொல்றாரல்ல."

அவள் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை, உருண்டையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவன் வாயைத் திறந்தான். விழுங்கினான். ஊரார் எச்சிலைவிட, பேனா முள்ளைவிட, அந்த ஒரு உருண்டை அவனுக்கு அருவருப்பாக இருந்தது. சொன்னபடியே சூடு ஏறியது, ராத்திரி முழுக்க உடம்பு தகித்தது, காலையில் அறிவியல் வினாத்தாள் முதுகு கொள்ளாமல் கையின் பின்புறத்திலும் வழிந்து பொங்கியிருந்தது, பக்கத்து ஊர்களிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள்.

கடைசித் தேர்வு சமூக அறிவியல். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் எழுத்து வரவில்லை; முதுகு சிவந்து தடித்திருந்ததே தவிர நீர் கோக்கவில்லை. லைன் வீட்டு முற்றத்தில் வாடகை நாற்காலிகள் போட்டிருந்தார்கள், பிள்ளைகள் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள், சின்னக் குழந்தைகள் ஓடிப் பிடித்து விளையாடின, ஒரு கோயில் நோம்பியைப் போல எல்லாம் இருந்தது. சுலோச்சனா தாளாளருக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே தனியாகப் படுத்திருந்த நவநீதன் முதுகில் ஊசி ஊசியாக ஏதோ கிளம்புவதை உணர்ந்தான். வரி வரியாக அது இறங்கியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் உள்ளே வருவார்கள், குனிவார்கள், மூச்சு விடுவார்கள்.

அவன் எழுந்தான். துண்டை இறுகக் கட்டிக்கொண்டு வெளியே வந்தான். அவனே காட்ட வருகிறான் என்று நினைத்துக் கூட்டம் வழி விட்டது, செல்போன்களை உயர்த்தியது. அவன் யாரையும் பார்க்காமல் முற்றத்தைக் கடந்து பொதுக் குளியலறைக்குப் போனான். அதன் சுவர் சிமெண்டுக் கல்லை அடுக்கிக் கட்டிப் பூசாமல் விட்ட சுவர், கை பட்டாலே தோல் உரியும். அந்தச் சுவரில் முதுகை ஒட்டி வைத்து, எருமை மரத்தில் தேய்த்துக்கொள்வது போல, முழங்காலை மடக்கிக் கீழே இறங்கினான், நிமிர்ந்து மேலே ஏறினான், மறுபடி இறங்கினான், பக்கவாட்டில் தேய்த்தான். பல்லைக் கடித்திருந்தான். கண்ணிலிருந்து தண்ணீர் தானாக ஓடியது. கொப்புளங்கள் ஒவ்வொன்றாக உடைவது அவனுக்குத் தெரிந்தது, உடைந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு எழுத்துக் குறைகிறது என்று தெரிந்தது.

"ஐயோ! சமூக அறிவியல் போச்சே!" என்று ஒருவர் அலறினார். "புடிங்கடா அவனை! ஒரு மார்க்குக் கேள்வியாச்சும் மிஞ்சட்டும்!"

பிடிக்க வந்தவர்கள் கிட்டே வந்ததும் நின்றார்கள். அவன் முதுகில் பிடிப்பதற்குத் தோலே இல்லை. அவன் சுவரைவிட்டு விலகித் தரையில் உட்கார்ந்தான். அப்போது தாளாளர் அவனைத் தாண்டிக்கொண்டு சுவருக்குப் போனார். சுவரில் ரத்தமும் நீரும் மஞ்சளுமாகத் தீற்றியிருந்தது. அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதற்கு மிக அருகே முகத்தைக் கொண்டுபோய், "இது... இந்த ரெண்டாவது கல்லுல... 'காரணங்களை விளக்குக'ன்னு இருக்கறாப்பல இல்ல?" என்றார். அவ்வளவுதான், கூட்டம் முழுக்கச் சுவரை மொய்த்தது. ஒருவர் தோளில் ஒருவர் ஏறினார்கள். ஒருவர் விரலால் தொட்டு ஈரத்தை வழித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தரையில் உட்கார்ந்திருந்தவனை ஒரு கால் மிதித்தது. அந்தக் காலுக்கு உரியவர் "நவுரு தம்பி" என்றார்.

சுலோச்சனா டீ கிளாஸோடு நின்றிருந்தாள். சுவரைப் பார்த்தாள், சுவரில் ஒட்டிய தலைகளைப் பார்த்தாள், பிறகு மகனின் முதுகைப் பார்த்தாள். பார்த்தவள் கிளாஸை டீயோடு அந்தத் தலைகளுக்கு மேலே எறிந்தாள். சாக்கடைக்கு வைத்திருந்த தென்னை ஈர்க்கு விளக்குமாற்றை எடுத்தாள்.

"போங்க! எல்லாம் எந்திரிச்சுப் போங்க! என்ற பையன் தோலு அது! அதையுமா எழுத்துக் கூட்டிப் படிப்பீங்க, பேய்களா!"

யாரை அடிக்கிறோம் என்று அவள் பார்க்கவில்லை. தாளாளரின் வெள்ளைச் சட்டையில் சாக்கடை கோடு போட்டது, பூசாரியின் வேட்டியில் போட்டது, சரசுவின் கொண்டை அவிழ்ந்தது. முற்றம் காலியான பிறகு அவள் வாளியில் வேப்பிலைத் தண்ணீரைக் கலந்து கொண்டுவந்து மகனின் தலையில் மூன்றாவது தண்ணீரை ஊற்றினாள். ரத்தம் அவன் காலடியில் கலங்கி ஓடியது. அவள் முந்தானையால் ஒற்றப்போனாள். அவன் கையை நீட்டித் தடுத்தான்.

"தொடாத."

"நாளைக்கு நான் கூட்டிட்டுப் போயிச் சாருகிட்டப் பேசறேன் சாமி."

"நானே போயிக்கறேன். நீ ஒண்ணும் பேச வேண்டாம்."

மறுநாள் காலையில் முதுகில் வாழையிலைக் குருத்தை ஒட்டி மேலே சட்டை போட்டுக்கொண்டு, ஹால் டிக்கெட்டோடு அவன் பள்ளி கேட்டில் நின்றான். நல்லமுத்து குறுக்கே வந்தார். அம்மை உள்ளவன் உள்ளே வரக் கூடாது, தொத்திக்கொள்ளும் என்றார்.

"வீட்டுக்குள்ள வந்து மொகத்தை வெச்சுப் பாத்தீங்ளே சார், அப்பத் தொத்தலீங்ளா?" என்று நவநீதன் கேட்டான். "தனி ரூம் குடுத்தாக் குடுங்க. இல்லாட்டி எல்லாத்தோடயும் உக்காந்துக்கறேன்."

சத்தம் கேட்டு வெளியூரிலிருந்து தேர்வு நடத்த வந்திருந்த முதன்மைக் கண்காணிப்பாளர் வந்தார். விஷயத்தைக் கேட்டவர், "அம்மை வந்த பையனுக்குத் தனி அறை குடுக்கணும்னு விதியே இருக்குதே, இல்லைன்னு யாருங்க சொன்னது?" என்று சுற்றிலும் பார்த்தார். வசந்தாமணி டீச்சர் போய் லேப் அறையைத் திறந்துவிட்டு, பெஞ்சைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டுப் போனார்.

ஜாடியில் ஊறிய தவளைகளுக்கு நடுவே அவன் உட்கார்ந்தான். முதுகு எரிந்ததால் எதிலும் சாயவில்லை. வினாத்தாள் வந்தது. வெறும் காகிதம், உலர்ந்த மை, யாருடைய மூச்சும் படாத எழுத்து. அதை அவன் மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்தான், பிரஸ் வாசனை வந்தது. பாதிக் கேள்விகளுக்கு விடை தெரிந்தது. தெரியாதவற்றைத் தெரியாது என்று விட்டான். மணி அடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு இரண்டு வாரத்தில் ஊருக்கு அம்மை வந்தது. வராமல் எப்படி இருக்கும்? வீட்டுக்கு வீடு வேப்பங்கொத்து தொங்கியது, லைன் வீட்டில் தொங்கியது, மேட்டுத் தெருவில் தொங்கியது, பூசாரி வீட்டிலும் போலீஸ்காரர் வீட்டிலும் தொங்கியது, டீக்கடையை மூடினார்கள், வேன் வைத்து வந்த பக்கத்து ஊர்களுக்கும் வேனிலேயே போய்ச் சேர்ந்தது. படுத்துக் கிடந்தவர்கள் அந்த நிலைமையிலும் ஒருவரையொருவர் குப்புறப் போட்டுத் தேடினார்கள். பிளஸ் டூ மாணவர்களின் முதுகைத் தேடினார்கள், பேங்க் பரீட்சை எழுதுகிறவர்களின் முதுகைத் தேடினார்கள், பால் மறக்காத பிள்ளையின் முதுகில் எதிர்காலத்தைத் தேடினார்கள். நல்லமுத்துவை அவருடைய மனைவி ஜன்னலோரத்தில் படுக்க வைத்து, பூதக்கண்ணாடியை எடுத்துப் பிடரியிலிருந்து குதிகால்வரை ஒரு இடம் விடாமல் பார்த்தாள்.

"நல்லாப் பாரு, எழுத்து இல்லாட்டியும் நம்பராச்சும் இருக்கும்" என்று அவர் தலையணைக்குள் முனகினார்.

"ஒண்ணுமில்லீங்க" என்றாள் அவள். "வெறும் அம்மைதானுங்க."

ரிசல்ட் வந்தபோது, எல்லாப் பாடமும் எழுதாத நவநீதனைக் கணக்கில் சேர்க்காமல், பள்ளி நூற்றுக்கு நூறு எடுத்தது. சிந்துஜா முதல் மதிப்பெண் என்று பேருந்து நிலையத்தில் பிளெக்ஸ் வைத்தார்கள், முகத்தில் இருந்த அம்மைத் தழும்பை ஸ்டுடியோவில் அழித்துக் கொடுத்திருந்தார்கள். நவநீதனுக்கு நான்கு பாடத்தில் ஆப்சென்ட், சமூக அறிவியலில் அறுபத்து மூன்று. அடுத்த வருசம் பத்தாவது போகிற பிள்ளைகளின் பெற்றோர்கள் சிலர் அதற்குப் பிறகும் வந்தார்கள். ஒரு ஆள் அம்மையில் கிடந்த தன் மகளின் தலையணை உறையைக் கவரில் சுற்றி எடுத்துவந்து, இதைத் தம்பி ஒரு நாள் போட்டுப் படுத்தால் மறுபடி வராதா என்று கேட்டான். சுலோச்சனா அதைக் கவரோடு அவன் மூஞ்சியில் அடித்துக் கதவைச் சாத்தினாள். காசில்லாத படிப்பைப் பற்றித் தாளாளர் பிறகு பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. பட்டறைக்குத் திரும்பிப் போனாள். குழாயில் மறுபடியும் கடைசிக் குடம் பிடித்தாள்.

நவநீதன் அம்மா ஆக்கிப் போட்டதைத் தின்றான், கேட்டதற்குப் பதில் சொன்னான். ஆனால் சட்டையைக் கழற்றமாட்டான். வெயில் கொளுத்தினாலும் சட்டையோடு தூங்கினான். குளிக்கும்போது கதவைத் தாழ் போட்டுக்கொண்டான். அர்த்தநாரி அஸ்ஸாமிலிருந்து வந்து, என்னடா இது என்று சட்டையைத் தூக்கிப் பார்க்கப்போனபோது கையைத் தட்டிவிட்டான். கை எட்டாத முதுகின் நடுப்பகுதியில் அழுக்குச் சேர்ந்து அரித்தது, அரித்தால் கதவு நிலையில் போய்த் தேய்த்துக்கொண்டான்.

ஜூன் மாதத் துணைத்தேர்வுக்குப் பக்கத்து டவுனில் சென்டர் போட்டிருந்தார்கள். முதல் தேர்வு அன்று காலையில் சுலோச்சனா எழுந்து அண்டாவில் வெந்நீர் வைத்தாள். அவன் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். ஆனால் தாழ்ப்பாள் சத்தம் கேட்கவில்லை. அவள் வெளியே கொஞ்ச நேரம் நின்றாள்.

"சாமி," என்றாள். "முதுகு தேச்சு உடட்டுமா?"

உள்ளே செம்புச் சத்தம் நின்றது. அவள் போய்விடலாம் என்று திரும்பியபோது, "ம்" என்று கேட்டது.

அவன் துண்டைக் கட்டிக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருந்தான். முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்து முதுகை அவள் பக்கம் காட்டியிருந்தான். அவள் கை தோளில் பட்டதும் அவன் உடம்பு ஒரு தடவை விறைத்தது. கை நின்றது. பிறகு மெல்ல இறங்கியது. தழும்புகள் குழி குழியாக, வழுவழுப்பாக, கொத்துக் கொத்தாகக் கிடந்த இடத்தில் தண்ணீரை ஊற்றி, விரல் நுனியால் அழுக்கை எடுத்தது. நிதானமாக, ஒரு அவசரமும் இல்லாமல் எடுத்தது. அவன் தோள் தளர்ந்தது. அப்போது கை முதுகைவிட்டு விலகிச் சோப்பை எடுக்கப் போனது. எடுத்து வரவில்லை. தரையைத் தடவும் சத்தம் கேட்டது, செம்பு இடறி உருண்டது, தண்ணீர் கொட்டியது, கை மறுபடியும் ஈரத் தரையில் வலப்பக்கம் துழாவியது, சுவரில் இடித்தது, இடப்பக்கம் துழாவியது. விடிந்து வெயில் உள்ளே விழுந்துகொண்டிருந்த நேரம் அது. ஏன் இவளுக்குச் சோப்பு தெரியவில்லை என்று நவநீதன் யோசித்தான். யோசித்து, அம்மா கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள் என்று புரிந்துகொண்டான்.

சோப்பு டப்பா அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. அவன் திரும்பிப் பார்க்காமல் அதை எடுத்துப் பின்னால் நீட்டி, அவள் விரலில் படும்வரை பிடித்துக்கொண்டிருந்தான்.